நைரோபி மேசை லாச்சியில் பதினொரு சிகரெட்

1

மாசி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. கடையைத் திறந்து, பால் பெட்டிகளை உள்ளே இழுத்து வைத்துவிட்டு, பின்கதவடியில் கொஞ்சம் ஆறுதலாக நின்றேன். அப்போதுதான் நைரோபியிலிருந்து என் மகள் அனிற்றா ஒரு வீடியோ அனுப்பினாள்.

ஏதோ ஒரு கிளினிக் அறை. பிளாஸ்டிக் கதிரைகளில் இருபது பேர்வரை இருக்கிறார்கள். அனிற்றா முன்னால் நின்று பேசுகிறாள். பாதி ஆங்கிலம், பாதி சுவாஹிலி. ஆங்கிலத்தில் அவள் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"என் அப்பா லண்டனில் கடை வைத்திருக்கிறார். அவருடைய முதுகுக்குப் பின்னால் ஒரு சுவர் நிறைய சிகரெட். முப்பது வருஷம் புகைத்தவர். என் அம்மாவை அடக்கம் செய்த அன்று விட்டவர், அதற்குப் பிறகு ஒன்றைக்கூடத் தொடவில்லை. என் அப்பாவால் முடியுமென்றால் உங்களாலும் முடியும்."

எல்லோரும் கை தட்டினார்கள். முன் வரிசையில் இருந்த ஒரு பெண் கண்ணைத் துடைத்தாள்.

இதை நான் பார்த்துக்கொண்டிருந்தபோது என் வலது கையில் ஒரு சிகரெட் எரிந்துகொண்டிருந்தது.

ஊரிலிருந்து இதை வாசிக்கிறவர்கள் என்னை அயோக்கியன் என்று நினைக்க முதல் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். என் மனைவி ரஞ்சியை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று, மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, இனியாவது சிகரெட்டை விட்டிட்டீங்களோ?" என்று கேட்டாள். அன்று காலையிலிருந்து நான் புகைக்கவில்லை. கோயிலும் சவக்காலையும் வந்தவர்களுமாக நேரம் போய்விட்டது. அந்த நேரக் கணக்கில் அது பொய்யுமில்லை. "ஓம் பிள்ளை" என்றேன். அவள் அழுதாள். இரண்டு நாளில் நைரோபிக்குத் திரும்பினாள். அவள் விமானம் ஏறி அரை மணித்தியாலத்தில் நான் பற்றவைத்தேன்.

அந்த ஒரு 'ஓம்' மூன்று வருஷத்தில் வளர்ந்து, கென்யாவில் மற்றவர்களுக்குப் புத்தி சொல்கிற அளவுக்குப் பெரிதாகிவிட்டது. வெட்கமாக இருந்தது. உண்மையைச் சொன்னால், வெட்கத்தைவிடப் பயம்தான் கூட. உயிர்த்த ஞாயிறு முடிந்த கிழமை ரஞ்சியின் மூன்றாம் வருஷப் பூசை. அதற்கு அனிற்றா வருகிறாள்.

2

அனிற்றா இங்கே தென் லண்டனில், மிச்சம் என்ற இடத்தில், இந்தக் கடைக்கு மேலுள்ள வீட்டில் வளர்ந்தவள். பொதுச் சுகாதாரம் படித்தாள். மற்றவர்களின் பிள்ளைகள் சட்டனிலும் ரெய்னர்ஸ் லேனிலும் வீடு வாங்க, என்னுடையது கென்யாவுக்குப் போய்ப் புகையிலைக்கு எதிராக வேலை செய்யப் போகிறேன் என்றது. எத்தனையோ நாடு இருக்க நைரோபிதானா அவளுக்கு வாய்க்க வேண்டும் என்று நான் நினைத்துக்கொண்டேன். ஏனென்றால் நான் புகைக்கத் தொடங்கியதே அந்த நகரத்தில்தான். அதை அவளுக்கு நான் சொல்லியிருக்கவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஊர்ச் சண்டைக்குத் தப்பி வெளிக்கிட்ட எங்களை, காசு வாங்கி ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரன் நைரோபியில் இறக்கி, "பத்து நாளில் லண்டன்" என்றான். அந்தப் பத்து நாள் ஏழு மாதமானது. ஒரு அறையில் ஆறு பேர். வெளியே போனால் பொலிஸ் பிடிக்கும் என்று பயம், உள்ளே இருந்தால் விசர் பிடிக்கும் என்று பயம். கட்டடத்துக்குக் கீழே, பஸ் தரிப்பிடத்தில், ஜோசப் என்றொருவன் நிற்பான். கழுத்தில் ஒரு மரத்தட்டைக் கட்டித் தொங்கவிட்டிருப்பான். தட்டில் இனிப்பு, சூயிங்கம், கடலை, பிறகு பக்கெற் பிரித்த சிகரெட். எவனும் கொண்டுபோய்விடாதபடி லைற்றரை ஒரு நூலில் தட்டோடு கட்டியிருப்பான். ஒரு சிகரெட் வாங்கினால் ஒரு மின்ட் இனிப்பும் வாங்க வேண்டும், அது அங்கத்தைய வழக்கம். சிகரெட் வாய்க்கு, மணம் தெரியாமல் இருக்க இனிப்பு வீட்டுக்காரருக்கு என்று சொல்லிச் சிரிப்பான்.

பக்கெற்றாகத்தான் வாங்க வேண்டும் என்றிருந்தால் நான் தொடங்கியிருக்கவே மாட்டேன். ஒன்றே ஒன்று என்றபடியால் தொடங்கினேன். அந்த ஏழு மாதத்தில் என்னோடு ஒவ்வொரு நாளும் முகம் பார்த்துப் பேசிய ஒரே வெளியாள் ஜோசப்தான். சிகரெட்டைத் தேடிப் போனேனா அவனைத் தேடிப் போனேனா என்று இப்போது கேட்டால் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது.

இப்போது கென்யாவில் ஒவ்வொன்றாகப் பிரித்து விற்பது சட்டப்படி குற்றம். பக்கெற்றில் நோயின் படம் போட வேண்டும். நைரோபி நகரத்தில் தெருவில் நினைத்த இடத்தில் நின்று புகைக்கவும் ஏலாது, அதற்கென்று ஒதுக்கிய மூலைக்குள் போய் நிற்க வேண்டும். சட்டம் நல்ல சட்டம்தான், ஆனால் தட்டுகள் இன்னும் தெருவில் நிற்கின்றன என்று அனிற்றா சொல்கிறாள். சிகரெட் இனிப்புக்கு அடியில் போய்விட்டது, அவ்வளவுதான். அதோடு இப்போது வண்ணத் தகரடப்பாவில் நிக்கொட்டின் பைகள் வேறு. கல்லூரிப் பிள்ளைகள் உதட்டுக்குள் வைத்துக்கொண்டு வகுப்பில் இருக்கிறார்களாம்.

ஒருமுறை போனில் எங்களுக்குள் வாக்குவாதம் வந்தது.

"அந்தத் தட்டுக்காரனும் சீவிக்க வேணுமே பிள்ளை" என்றேன்.

"எனக்கு அந்த ஆளில கோபமில்லை அப்பா. ஒண்டு ஒண்டா விக்கிறதுதான் பிரச்சினை. பள்ளிக்கூடப் பிள்ளையின்ர பொக்கெற்றுக்குள்ள இருக்கிற சில்லறைக்கும் ஒண்டு வாங்கலாம். அப்பிடித்தான் ஆக்கள் தொடங்கினம்."

"அது சரி" என்று சொல்லிவிட்டுக் கதையை மாற்றினேன். அப்படித் தொடங்கின ஆளோடுதான் அவள் கதைத்துக்கொண்டிருந்தாள்.

3

வீடியோ வந்த மறுநாள் விபூதிப் புதன், தவக்காலத்தின் முதல் நாள். பூசை முடிந்து, நெற்றியில் சாம்பலோடு, கோயில் மதிலுக்கு வெளியே நான் புகைத்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் இன்னொரு சாம்பல் நெற்றி வந்து நின்று நெருப்புக் கேட்டது. அது மிஸ்டர் ஒதியெனோ. கென்யாக்காரர், கிசுமு அவருடைய ஊர். லண்டனில் இருபத்தைந்து வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். என் கடைக்கு வருகிறவர், கோயிலிலும் எனக்கு இரண்டு வாங்கு வரிசை முன்னால் இருக்கிறவர்.

"தவக்காலத்துக்கு எதை விடப்போகிறாய், டாஸ்?" என்று கேட்டார். யேசுதாசன் என்ற பெயர் இங்கே பலருக்கும் வாயில் நுழையாது.

கையிலிருந்ததைக் காட்டினேன். அவர் தன்னுடையதைக் காட்டினார். இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு நான் மகளின் கதையைச் சொன்னேன். அவர் சிரிப்பை நிறுத்தினார்.

"நானும் அப்படித்தான், ஒவ்வொரு தவக்காலமும் விடுவேன்" என்றார். "ஞாயிற்றுக்கிழமை தவக்காலக் கணக்கில் சேராது என்று சுவாமி ஒருமுறை சொன்னார். அதனால் ஞாயிறுகளில் புகைப்பேன். அதுதான் என்னைக் கெடுத்தது."

நானும் அதே கணக்கில் கெட்டவன் என்பதால் நாங்கள் உடனே நண்பர்களானோம்.

திட்டம் அவருடையது. நம்முடைய பக்கெற்றை நாமே வைத்திருப்பது பூனையைப் பாலுக்குக் காவல் வைப்பது மாதிரி. ஆகவே அவருடைய பக்கெற்றை நான் வைத்திருக்க வேண்டும், என்னுடையதை அவர். ஒவ்வொரு காலையும் கடைக்கு வருவார், அன்றைய பங்கை எனக்குத் தருவார், தன் பங்கை வாங்கிக்கொண்டு போவார். முதற் கிழமை ஐந்து, பிறகு நாலு, கடைசியாக வருகிற பெரிய கிழமையில் ஒன்று, உயிர்த்த ஞாயிறோடு ஒன்றுமில்லை. ஒவ்வொரு சிகரெட்டோடும் ஒரு மின்ட். அந்த வழக்கத்தை நான் சொல்ல முதல் அவரே சொன்னார். நைரோபித் தட்டுக்காரர்களை அவருக்கும் தெரியும்.

உன் கடையிலேயே ஒரு சுவர் நிறைய இருக்கிறதே, அதற்கு யார் காவல் என்று நீங்கள் கேட்கலாம். அந்தச் சுவர் இந்த நாட்டுச் சட்டப்படி கதவு போட்டு மூடியிருக்கும். அதைவிட, கடைச் சாமானில் கை வைப்பது களவு என்று ரஞ்சி என்னைப் பழக்கிவிட்டுப் போயிருக்கிறாள். முப்பது வருஷத்தில் என் கடையிலிருந்து ஒரு பக்கெற் நான் எடுத்ததில்லை, பக்கத்துத் தெருக் கடையில்தான் வாங்குவேன்.

அவருடைய பக்கெற்றைக் கல்லாவுக்குக் கீழே ஒரு பழைய பிஸ்கற் தகரத்துக்குள் வைத்து, மேலே அவருடைய பெயரை எழுதி ஒட்டினேன். பிரித்த பக்கெற் கடைக்குள் இருந்தால், ஒவ்வொன்றாக விற்கிறான் என்று சோதனைக்கு வருகிறவர்கள் நினைப்பார்கள். இங்கேயும் அது குற்றம். என்னுடையதை அவர் தன் மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்துக் கோட்டின் உட்பையில் கொண்டு திரிந்தார்.

4

முதற் கிழமை முடிவதற்குள் எனக்கு வெறி பிடித்துவிட்டது. பால் விற்கிற கொம்பனிக்காரனோடு சண்டை. பஸ் தரிப்பிடத்தில் விழுந்து கிடந்த பாதிச் சிகரெட்டை இரண்டு முறை பார்த்துவிட்டு நடந்த வெட்கம் வேறு. மருந்துக்கடைக்குப் போய்க் கேட்டேன். அங்கிருந்த பிள்ளை, புகைப்பதை விட உதவுகிற சேவை ஒன்று இருக்கிறது, ஒன்லைனில் ஃபோர்ம் நிரப்பினால் வீட்டுக்குப் போன் எடுப்பார்கள் என்றாள்.

இந்த நாட்டில் ஃபோர்ம் இல்லாமல் ஒன்றும் நடக்காது. பிறப்பதற்கும் ஃபோர்ம், கவுன்சிலில் குப்பைத்தொட்டி கேட்பதற்கும் ஃபோர்ம். கடைக் கொம்பியூட்டரில் உட்கார்ந்து, ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினேன். எழும்பி எத்தனை நிமிஷத்தில் முதற் சிகரெட்? நோயாகப் படுத்திருக்கும்போதும் புகைப்பீர்களா? குருமாரிடம்கூட நான் இவ்வளவு விபரமாகப் பாவசங்கீர்த்தனம் செய்ததில்லை. உங்களுக்குத் துணையாக யாராவது இருக்கிறார்களா என்று ஒரு கேள்வி. ரஞ்சியின் நினைப்பு வந்தது. பிறகு 'மிஸ்டர் ஒதியெனோ, நண்பர்' என்று எழுதினேன். ஈமெயில் கேட்ட இடத்தில், எல்லா ஃபோர்முக்கும் கொடுக்கிற ஈமெயிலைக் கொடுத்தேன்.

கிழமைக்கு ஒருமுறை ஒரு பெண் போன் எடுத்தாள். பொறுமையான குரல். தோளில் ஒட்டுகிற நிக்கொட்டின் பிளாஸ்ரர் கிடைத்தது. ஐந்து நாலானது, நாலு மூன்றானது. ஞாயிற்றுக்கிழமையும் கணக்கில் சேர்க்கப்பட்டது.

அந்த நாற்பது நாளும் அனிற்றாவோடு வழக்கம் போல ஞாயிறு பின்னேரம் மட்டும் கதைத்தேன். சுகமா அப்பா, சுகம் பிள்ளை, சாப்பிட்டீங்களா, ஓம். பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும். அவளுக்கு என்னோடு கதைக்கத் தமிழ் போதாது, எனக்கு அவளோடு கதைக்க ஆங்கிலம் போதாது என்று நான் சமாதானம் சொல்லிக்கொள்வேன். ரஞ்சி இருக்கும்வரை எங்கள் இருவருக்கும் நடுவில் அவள்தான் ரெலிபோன்.

5

பெரிய புதன்கிழமை அனிற்றா வந்து இறங்கினாள். மெலிந்திருந்தாள், கறுத்திருந்தாள், தாயின் நடை வந்திருந்தது. வியாழன் காலை, "நானும் கடைக்கு வாறன்" என்று வெளிக்கிட்டாள்.

நான் முன்னேற்பாடு செய்யாத ஆள் இல்லை. மகள் நின்றால் இருமிக் காட்டுவேன், இருமல் கேட்டால் ஒன்றும் எடுக்காமல் பாண் வாங்கிக்கொண்டு போய்விடுங்கள் என்று மிஸ்டர் ஒதியெனோவுக்குச் சொல்லி வைத்திருந்தேன்.

ஒன்பது மணிக்கு அவர் கதவைத் திறந்தார். நான் இருமினேன். அவர் நேரே கல்லாவுக்கு வந்தார். இன்னும் பலமாக இருமினேன்.

"இந்த இருமல் இன்னும் போகவில்லையே, டாஸ்" என்று கவலைப்பட்டார். கண்ணாடிக் கூட்டைத் திறந்தார். "பரவாயில்லை. இன்றைக்கு ஒன்று, நாளைக்கு ஒன்று, நாளையின்றைக்கு ஒன்று. முடிந்தது!"

ஒற்றைச் சிகரெட்டை அனிற்றாவுக்கு முன்னால் கல்லாவில் வைத்தார். அதற்குப் பக்கத்தில் ஒரு மின்ட்டையும் வைத்தார். முப்பது வருஷமாக இருமுகிறவன் இருமலைச் சைகையாக வைத்தது என்னுடைய முட்டாள்தனம்.

அனிற்றா சிகரெட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் கையைக் கல்லாவில் ஊன்றிக்கொண்டேன்.

"நீங்கள்தானே மிஸ்டர் ஒதியெனோ?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

அவர் திகைத்துப் போய்த் தலையாட்டினார். அவள் சுவாஹிலியில் ஏதோ சொன்னாள். அந்த மனிதர் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார். என்ன சொன்னாய் என்று பிறகு கேட்டேன். 'அப்பாவைப் பார்த்துக்கொண்டதற்கு நன்றி' என்று சொன்னாளாம்.

அவர் போன பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அப்பா, உங்கட ஈமெயிலை ஆர் திறந்து தந்தது?"

"நீதான். நீ பள்ளிக்கூடத்தில படிக்கேக்க."

"அதை இண்டைக்கு வரைக்கும் ஆர் பாக்கிறது? உங்கட பாஸ்போர்ட், கவுன்சில் கடிதம், காஸ் பில் எல்லாம் ஆர் பாக்கிறது?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்த ஈமெயிலை நான் ஒரு நாளும் திறந்ததில்லை. அது அவளுடைய போனில்தான் இருந்தது. வாழ்த்துக்கள், நீங்கள் முதல் அடியை எடுத்து வைத்துவிட்டீர்கள் என்று அந்தச் சேவைக்காரர் அனுப்பியது, நான் நிரப்பிய அவ்வளவு பதில்களோடும், நைரோபியில் அவள் கைக்குப் போயிருந்தது. எழும்பி எத்தனை நிமிஷத்தில் முதற் சிகரெட் என்பது வரைக்கும் அவளுக்குத் தெரியும்.

"அப்ப ஏன் பிள்ளை என்னை ஏசேல்லை?"

"முதல்ல அழுதன். அந்தக் கதையை நான் எத்தினை பேருக்குச் சொல்லியிருப்பன் அப்பா! அடுத்த நாளே சொல்றதை நிப்பாட்டினன். பிறகு அந்த ஃபோர்மைத் திருப்பி வாசிச்சன். எழுத்துப் பிழையெல்லாம் இருந்துது. நீங்கள் ஒரு விரலால தட்டியிருப்பியள் எண்டு நினைச்சன். என்னட்டை வாற ஆக்களும் முதல்ல பொய்தான் சொல்லுவினம், 'எப்பவோ விட்டாச்சு' எண்டு. அவையை நான் ஏசுறேல்லை. சொந்த அப்பாவை ஏசலாமோ?"

நான் அழுதேன். கடைக்குள் ஒரு பெண் லொத்தர் ரிக்கெற் வாங்க வந்து, என்னைப் பார்த்துவிட்டு, வாங்காமலே போனாள். பிறகு ஜோசப்பைப் பற்றிச் சொன்னேன். அறை, பயம், தட்டு, நூலில் கட்டிய லைற்றர், ஒன்றே ஒன்று என்று தொடங்கியது, எல்லாவற்றையும் சொன்னேன். அவள் குறுக்கே பேசவில்லை. எந்தத் தெரு என்று மட்டும் கேட்டாள். சொன்னேன். "அந்த பஸ் ஸ்ராண்டால நான் ஒவ்வொரு நாளும் போறனான்" என்றாள். அந்தத் தெருவில் நாங்கள் இருவரும் நடந்திருக்கிறோம் என்பது எங்கள் இருவருக்கும் அன்றுதான் தெரிந்தது.

6

பூசை நல்லபடி நடந்தது. ரஞ்சியின் படத்துக்கு முன்னால் நின்றபோது, மூன்று வருஷத்தில் முதன்முறையாக எனக்குத் தலை குனிய வேண்டியிருக்கவில்லை.

அனிற்றா புறப்பட முதல் நாள், மிஸ்டர் ஒதியெனோவிடம் என்னுடைய பக்கெற்றைக் கேட்டு வாங்கினாள். பதினொன்று மிச்சமிருந்தது.

"இதை நான் கொண்டுபோறன். உங்களுக்கு வேணுமெண்டா என்னட்டைக் கேளுங்கோ. போன் எடுத்துக் கேக்க வேணும். மெசேஜ் அனுப்பக் கூடாது."

புகையிலைக்கு எதிராக வேலை செய்கிற பெண், பெட்டிக்குள் சிகரெட்டை வைத்துக்கொண்டு நைரோபிக்குப் போனாள். அது இப்போது அவளுடைய அலுவலக மேசையில் இழுத்துத் திறக்கிற லாச்சிக்குள் இருக்கிறது. கூட வேலை செய்கிறவர்கள் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்களாம்.

அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும், காலை ஒன்பது மணிக்கு, சிகரெட்டுக்கு மனம் அலைகிற நேரம், நான் போன் எடுக்கிறேன்.

"பிள்ளை, எனக்கு ஒண்டு தா."

"தாறன் அப்பா, கொஞ்சம் பொறுங்கோ. முதல்ல சொல்லுங்கோ, என்ன சாப்பிட்டியள்?"

பொறுக்கச் சொல்கிற அந்த நேரத்தில் கதை தொடங்கிவிடும். இன்றைக்கு எந்தக் கிளினிக், மழையா வெயிலா, இடியப்பத்துக்கு மாவை எப்படி அவிப்பது, அம்மா கோபம் வந்தால் எப்படி இருப்பா. அவளுடைய தமிழ் நான் நினைத்த அளவுக்கு மோசமில்லை. கிளினிக்கில் இப்போது பழைய கதைக்குப் பதிலாக இதைத்தான் சொல்கிறாளாம்: பொய் சொன்ன அப்பா, ஒன்லைன் ஃபோர்ம், லாச்சிக்குள் பக்கெற், காலை ஒன்பது மணி போன். அதைக் கேட்டு ஒரு தட்டுக்காரப் பெண் சிரித்தாளாம். பிறகு, விற்க வைத்திருந்ததை அல்ல, தான் புகைக்க வைத்திருந்ததைக் கொண்டுவந்து அந்த லாச்சிக்குள் போட்டுவிட்டுப் போனாளாம். மிஸ்டர் ஒதியெனோ ஒருமுறை வழுக்கினார், திரும்ப எழும்பினார். ஒவ்வொரு காலையும் கடைக்கு வந்து ஒரு மின்ட் மட்டும் வாங்கிக்கொண்டு போகிறார்.

போன கிழமை ஒரு நாள் குளிர்பெட்டி பழுதாகிவிட்டது. திருத்துகிறவன் வந்து, ஐஸ்கிறீமெல்லாம் உருகி, கடை முழுக்க ஒரே அமளி. பதினொரு மணியிருக்கும். போன் அடித்தது.

"அப்பா, சுகமா இருக்கிறியளோ?" அனிற்றாவின் குரல் பதறியது. "இண்டைக்குச் சிகரெட் கேக்கேல்லையே?"

எனக்கே அப்போதுதான் உறைத்தது. காலையிலிருந்து அந்த நினைப்பே வரவில்லை. முப்பது வருஷத்தில் இப்படி ஒரு நாள் எனக்கு இருந்ததில்லை.

"மறந்து போனன் பிள்ளை" என்றேன். சந்தோஷத்தில் சத்தமாகவே சொன்னேன். "உண்மையா மறந்திட்டன். எனக்கு இனி அது வேண்டாம் போல இருக்கு."

அவள் கை தட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். தூரத்தில் பஸ்களின் ஹோர்ன் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு மெதுவாகச் சொன்னாள்:

"மறந்தாலும் கேளுங்கோ அப்பா."